கோடை ஆய்வுப் பயிற்சிக்கு இடம் பிடிக்க

ஏப்ரல் பரீட்சை முடிந்தபின் தேடினால், ரொறன்ரோவில் நல்ல இடங்கள் எல்லாம் போயிருக்கும்.

1. டிசம்பர் விடுமுறையிலேயே தொடங்குங்கள். பல விண்ணப்பங்கள் ஜனவரி, பெப்ரவரியில் முடிந்துவிடும்.

2. முதலில் பேராசிரியரைப் பிடியுங்கள். கனடா அரசின் ஆய்வு நிதி அமைப்பான என்செர்க்கின் (NSERC) இளநிலை ஆய்வு விருதுக்கும் சிக்கிட்ஸ் மருத்துவமனையின் கோடைத் திட்டத்துக்கும் மேற்பார்வையாளர் தேவை.

3. ஒரே மின்னஞ்சலை நாற்பது பேருக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பேராசிரியருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த கேள்வியை இரண்டு வரியில் கேளுங்கள். படித்தவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். பெண் பேராசிரியருக்கு ‘டியர் சேர்’ என்று போனால் அத்தோடு சரி. பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் போதும்.

4. தகுதியை முதலே பாருங்கள். என்செர்க் விருது சர்வதேச மாணவர்களுக்கு இல்லை. அவர்கள் பேராசிரியரின் சொந்த ஆய்வு நிதியில் வேலை உண்டா என்று கேட்கலாம்.

5. ஊதியம் உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கோடை வாடகையை ‘அனுபவம்’ கட்டாது.

6. தமிழ்நாட்டில் படிக்கும் மச்சானுக்கு மைட்டாக்ஸ் குளோபலிங்க் பற்றிச் சொல்லுங்கள். கனடாவில் 12 வார ஆய்வுப் பயிற்சி. ஆனால் விண்ணப்பம் முந்தைய ஆண்டே முடிந்துவிடும்.