ஹாரன் அடிக்கிறவர் முன்னால் போகட்டும்

கேள்வி: சார், நான் சிட்லபாக்கம். நாலாவது படிக்கிற மகளை ஸ்கூட்டியில் தினமும் பள்ளியில் விடுகிறேன். வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி கேம்ப் ரோடு போவதற்குள் யாராவது ஒருவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்து ஹாரனை அமுக்குகிறார். போன வாரம் ஒரு கார்க்காரர் கட் அடித்துப் போனார். சிக்னலில் பிடித்துத் திட்டிவிட்டேன். அவர் எங்கள் தெருமுனை வரை பின்னாலேயே வந்தார். மகளுக்கு இன்னும் பயம் போகவில்லை. நான் செய்தது தப்பா?

பதில்: கோபம் வந்தது தப்பில்லை அம்மா. குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துப் போகிறவருக்கு வரத்தான் செய்யும். சிக்னலில் அவரைத் தேடிப்போய்ப் பேசியதை மட்டும் இனி வேண்டாம் என்கிறேன். உள்ளே இருப்பவர் குடித்திருக்கிறாரா, எந்த மனநிலையில் வருகிறார், எதுவும் நமக்குத் தெரியாது. 1988-ல் பாட்டியாலாவில் நடுரோட்டில் நின்ற வண்டியால் எழுந்த வாய்த்தகராறு கைகலப்பாகி, 65 வயதுப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அவரைத் தாக்கிய குற்றத்துக்காகக் கிரிக்கெட் வீரர் சித்துவுக்கு உச்ச நீதிமன்றம் ஓராண்டு சிறை விதித்தது 2022-ல். 34 வருடம் இழுத்த வழக்கின் தொடக்கம் ஒரு சில நிமிடப் பேச்சு.

சரி, முதுகில் ஒட்டி வருகிறவரை என்ன செய்வது? பின்னால் இருக்கும் இடைவெளி அவர் கையில் இருக்கிறது. முன்னால் இருப்பது உங்கள் கையில். பின்னால் நெருக்க நெருக்க நம்மை அறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கி, முன்னால் போகும் ஷேர் ஆட்டோவை நெருங்கிவிடுகிறோம். அந்த ஆட்டோ சட்டென்று நின்றால் நடுவில் மாட்டுவது நீங்களும் மகளும்தான். அதனால் முன் இடைவெளியைக் கூட்டுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். இரண்டு விநாடி இடைவெளி என்றால் 22 மீட்டர், ஏறக்குறைய இரண்டு பஸ் நீளம். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது நிதானமாக 'ஒன்று, இரண்டு' எண்ணுங்கள். அதற்கு முன்பே கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். மழை நாளில் நாலு வரை எண்ணுங்கள்.

இடைவெளி விட்டால் வேறொருவர் புகுந்துவிடுவார் என்பீர்கள். புகட்டும். பத்துப் பேர் புகுந்தாலும் உங்களுக்குப் போவது இருபது விநாடி. இடது இன்டிகேட்டர் போட்டு, மெதுவாக ஒதுங்கி, சைடு கொடுத்துவிடுங்கள். முந்துகிறவரை விடாமல் வேகம் கூட்டுவது 2017-ம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைப்படியும் தவறு. பாடம் புகட்ட சடன் பிரேக் போடவே போடாதீர்கள்.

இன்னொன்று. அடுத்த முறை ஹாரன் கேட்கும்போது உங்கள் பல்லையும் கையையும் கவனியுங்கள். ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்திருப்பீர்கள், முழங்கை விறைத்திருக்கும். கை விறைத்தால் ஹேண்டில்பார் சிறு குழிக்கும் துள்ளும். மூச்சை நீளமாக விட்டு, தோளைத் தளர்த்துங்கள். மனசு அடங்க நேரமாகும், கை உடனே அடங்கும். மகளுக்கும் ஹெல்மெட் மாட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாலு வயதுக்கு மேல் சட்டப்படியே கட்டாயம்.

யாராவது பின்தொடர்ந்தால் வீட்டுத் தெருவுக்குள் திரும்பாதீர்கள். கூட்டமுள்ள பெட்ரோல் பங்க் அல்லது சிட்லபாக்கம் காவல் நிலையத்துக்குப் போய் நிறுத்திவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள். ஆபத்தாக ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டி எண் வேண்டுமே என்று ஓட்டிக்கொண்டே எட்டிப் பார்க்க வேண்டாம். மகள் படித்து மனதில் வைத்துக்கொள்ளட்டும், வண்டியை நிறுத்தியதும் எழுதிக்கொள்ளுங்கள்.