தூக்கி இழுத்தாலும் கியர் பாக்ஸ் சுற்றும்

கேள்வி: தாத்தா ஓட்டிய 1966 மாடல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியை விற்காமல் வைத்திருக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபண்ணி, பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கிட்டத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. ரிக்கவரி வண்டிக்காரர் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி, சங்ககிரி வரைக்கும் இழுத்து வந்தார். கியர் நியூட்ரலில்தான் இருந்தது. இப்போது ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழி வருகிறது. அதோடு, முன்பு இல்லாத ஓர் இரைச்சல் கியர் பாக்ஸில் கேட்கிறது. 'எஞ்சின், பாக்ஸ் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பிந்தைய மாடல் வண்டியிலிருந்து எடுத்து மாட்டிவிடலாம்' என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா? இன்னொரு தடவை இப்படி நின்றால் எப்படி இழுத்து வருவது?
— வாசகர், சங்ககிரி

பதில்: சம்மதிக்காதீர்கள் தம்பி. உங்கள் கடிதத்தைப் படித்தவரை, எஞ்சின் கெட்டது மலையில். கியர் பாக்ஸ் கெட்டது இழுத்து வந்த சாலையில். இரண்டும் தனித்தனிக் கோளாறு. இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

முதலில் கியர் பாக்ஸ். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் வண்டிக்கு ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் லாரிக்கு இழுவை பின்சக்கரத்தில். அது தரையில் உருண்டால் பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் சுற்றும், அதைப் பாக்ஸோடு இணைக்கும் நீளமான ஜாயின்ட் சுற்றும், பாக்ஸுக்குள் மெயின் சாப்டும் சுற்றும். நியூட்ரல் போட்டிருந்தாலும் இதுதான் நிலைமை. ஆனால் பாக்ஸின் அடியில் கிடக்கும் எண்ணெயை மேலே வாரி இறைப்பது லே சாப்டின் பற்கள். அந்த லே சாப்டைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்கும்போது லே சாப்டும் நின்றிருக்கும். மெயின் சாப்ட் மட்டும் எண்ணெய் இல்லாமல் காய்ந்து சுற்றும். ஆழியாற்றிலிருந்து சங்ககிரி 150 கிலோமீட்டருக்குக் குறையாது. அவ்வளவு தூரமும் அது அப்படித்தான் சுற்றியிருக்கிறது.

இதில் முதலில் அடிபடுவது, கிளட்சிலிருந்து வரும் டாப் சாப்டின் பின்முனைக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன ரோலர் பேரிங். மெயின் சாப்டின் முன்முனையைத் தாங்குவது அதுதான். அது போயிருக்கிறதா என்று பாக்ஸை இறக்காமலே பார்க்கலாம். பின் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, கனமான ஸ்டாண்டில் உட்கார வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். நியூட்ரலில் இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது நிற்கிறதா? பிறகு ஒவ்வொரு கியராகப் போடுங்கள். கீழ்க்கியர்களில் இரைந்து, டாப் கியரில் மட்டும் அமைதியாகிவிட்டால் அந்தச் சின்ன பேரிங்தான் குற்றவாளி. டாப் கியரில் இரண்டு சாப்டும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றுவதால் அதற்கு வேலையே இருக்காது. டாப்பிலும் இரைந்தால் முன்பக்கப் பெரிய பேரிங்கையோ லே சாப்ட் பேரிங்குகளையோ சந்தேகப்பட வேண்டும். சோதனையைச் சட்டென்று முடித்துவிடுங்கள், எஞ்சின் கோளாறு இன்னும் சரியாகவில்லை.

அடுத்து பாக்ஸ் எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டிக்கொள்ளும் தூள் பேரிங்கிலிருந்தோ பற்களிலிருந்தோ வந்தது. ஒட்டாமல் மஞ்சளாக மினுங்கினால் பித்தளைப் புஷ் தேய்ந்திருக்கிறது. பாக்ஸைப் பிரித்ததும் மெயின் சாப்டின் முன்முனையைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பேரிங் மாற்றினால் போதும். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அதில் வெல்டிங் ஏற்றிக் கடைந்து கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். அதே ரகப் பழைய பாக்ஸ் ஒன்றை வாங்கி, அதன் சாப்டை மட்டும் எடுத்துப் போடலாம். பேரிங்கைத் தேடும்போது '1966 லாரிக்கு' என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். வளையத்தின் மேல் வெட்டியிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். பெரும்பாலான பேரிங்குகள் பொது அளவுதான், கிடைத்துவிடும். ஹவுசிங்கைப் பற்றிக் கவலை வேண்டாம். சக்கரம் சுற்றும்போதே கிரவுன் எண்ணெயை வாரிக்கொண்டுதான் சுற்றும்.

எஞ்சினுக்கு வருவோம். தொடர்ந்து வரும் குமிழி, சிலிண்டர் காற்று தண்ணீர் வழிக்குள் புகுவதன் அடையாளம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் வெடித்திருக்கலாம். ஹெட்டை இறக்கிப் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்த்த பிறகே லேத்துக்கு அனுப்ப வேண்டும். டீசல் ஹெட்டை இஷ்டத்துக்குச் சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். தேவையான அளவுக்கு மட்டும் ஃபேசிங் போதும். புது கேஸ்கெட் போட்டு வண்டியைச் சூடாக ஓட்டிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரென்ச் வைத்து இறுக்கி, டேப்பட்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த மறு டைட்டைச் சோம்பலில் விடுவதால் போன கேஸ்கெட்டுகள் நிறைய.

ஆனால் எஞ்சின் ஏன் கொதித்தது என்று கண்டுபிடிக்காமல் கேஸ்கெட் மாற்றினால், அடுத்த மலையில் திரும்பவும் நிற்பீர்கள். மலையில் கீழ்க்கியரில் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டர் சுத்தமாக இருந்தாக வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரை ஊற்றிய ரேடியேட்டரின் மேல் தொட்டியைக் கழற்றிப் பாருங்கள், பாதி டியூப் வெள்ளை உப்பில் அடைந்திருக்கும். கம்பி விட்டுச் சுத்தம் செய்து, இனிமேல் உப்பில்லாத தண்ணீரும் கூலன்ட்டும் ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'சூடு குறையும்' என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. பைபாஸ் குழாய் உள்ள எஞ்சினில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வந்து, ஏற்றத்தில் சூடு கூடும்.

இனி இழுப்பது. லோ-பெட் டிரெய்லரில் ஏற்றி வருவதுதான் சிறந்தது. பணம் கூடுதல்தான், பாக்ஸ் வேலையை நினைத்தால் குறைவு. தரையில் உருட்டித்தான் வர வேண்டும் என்றால் ஜாயின்ட்டைக் கழற்றுங்கள். பின் ஃபிளாஞ்சில் பஞ்ச் உளியால் ஓர் அடையாளம் வைத்து, போல்ட்டை எடுத்து, ஜாயின்ட்டைச் சேசிஸோடு சேர்த்து இறுகக் கட்டிவிடலாம். அதைத் தொடும் முன்பே சக்கரங்களுக்குக் கட்டை போட்டாக வேண்டும். ஜாயின்ட் கழன்ற கணத்திலிருந்து கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மலைச் சரிவில் இதை மறந்தால் உயிர் போகும்.

கயிறு கட்டி இழுக்கும் யோசனையே வேண்டாம், அதுவும் மலை இறக்கத்தில். எஞ்சின் நின்ற பழைய லாரியில் பிரேக்குக்குத் துணைவிசை கிடையாது. பெடல் கல்லாக இருக்கும். சமதளத்தில் வேறு வழியே இல்லையென்றால் இரும்பு ராடு போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்துப் பட்டறை வரைக்கும் மட்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, பின்வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கடைசியாக ஒன்று. டாடாவின் டெல்கோ 1954-இல் டெய்ம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் செய்த வரிசையில் வந்த வண்டி உங்களுடையது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்தபின் வந்த வண்டிகளில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் கிடையாது. உங்கள் வண்டியின் சொந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அதோடு, எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். ஹெட்டை இறக்கிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பிரஷர் டெஸ்டில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.