உயில் எழுத யாரிடம் போவது, உயில் வழக்குக்கு யாரிடம் போவது?

"அவர் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" உயில் வழக்கில் கூண்டேறும் சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கப் பார்க்கும் இடம் இதுதான். "அவர் போட்டு முடித்த பத்திரத்தை அவர் மகன் எங்க வீட்டுக்குக் கொண்டுவந்தார், நானும் போட்டுக் கொடுத்தேன்" என்று சாட்சி சொன்னால் உயில் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். எழுதியவரோ வந்து பதில் சொல்ல முடியாது. எனவே சொத்தைப் பிரித்து வைக்க நினைப்பவர்கள், எங்கே செலவு குறைவு என்று பார்ப்பதற்கு முன், நாளைக்கு இதை யார் நிரூபிப்பார் என்று பார்க்க வேண்டும்.

உயிலா, செட்டில்மெண்டா?

மனத்தெளிவோடு இருக்கும்வரை உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை. செட்டில்மெண்ட் அப்படியல்ல. பதிவாகி, பெறுபவர் ஏற்றுக்கொண்டால் சொத்து அவருடையது. மனம் மாறினாலும் நீங்களாக ரத்து செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி, குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய்.

வாழும்போதே கைமாறுவதால் பின்னால் தகராறு குறையும் என்பது செட்டில்மெண்டின் பலம். ஆனாலும் குடியிருக்கும் ஒரே வீட்டை இப்படி எழுதிக்கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், ஆயுள்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும், பெறுபவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேருங்கள். நிபந்தனை மீறப்பட்டால், மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

பத்திர எழுத்தரா, வக்கீலா?

சர்வே எண், நான்கு எல்லை, பதிவு அலுவலக நடைமுறை எல்லாம் பத்திர எழுத்தருக்கு அத்துப்படி. சுயமாகச் சம்பாதித்த ஒரே வீடு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்றால் அவரே போதும்.

பூர்வீகச் சொத்து கலந்திருந்தாலோ, ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுப்பதானாலோ, இரண்டாம் திருமணத்துக் குழந்தைகள் இருந்தாலோ சிவில் வக்கீலிடம் போங்கள். இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் அப்பா தன் பங்கை மட்டுமே உயிலாக எழுத முடியும். மகளுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. முஸ்லிம்களுக்கு, வாரிசுகளின் சம்மதமில்லாமல் உயிலால் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்குதான். அதையும் பொதுவாக வாரிசு அல்லாதவருக்கே கொடுக்கலாம்.

நல்ல வக்கீல், "மூத்தவருக்கு ஏன் ஒன்றும் இல்லை?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். அந்தக் காரணத்தை உயிலிலேயே எழுதவைப்பார். அதிகம் பெறப்போகும் பிள்ளையை வெளியே உட்காரச் சொல்வார். பயன் பெறுபவரே முன்னின்று எழுதவைத்த உயிலில், சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு அவர் தலையிலேயே விழும் என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1959இல். இன்றும் உயில் வழக்குகளில் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கையெழுத்திடும் நாள்

குறைந்தது 2 சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். உங்கள் முன்னிலையில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். மூவரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் இருந்துவிட்டால் பிற்பாடு குழப்பமில்லை. உங்களைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகத் தேர்ந்தெடுங்கள். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கோ அவருடைய துணைக்கோ எழுதிய பங்கு செல்லாது. வயது அதிகமென்றால் அன்றைய தேதியில் ஒரு மருத்துவச் சான்றும் வாங்கி வையுங்கள்.

பதிவு செய்வது நல்லது. படுக்கையில் இருப்பவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வரவும் வழி உண்டு. ஆனால் பதிவான உயிலையும் நீதிமன்றத்தில் சாட்சியை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

தகராறு வந்தபின்

முதலில் உயிலின் நகலைப் பாருங்கள். பதிவான உயிலென்றால், எழுதியவர் இறந்தபின் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அதன்பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: உயில் பொய் என்கிறோமா, பங்கீடு அநியாயம் என்கிறோமா?

பங்கீடுதான் வருத்தமென்றால் சமரசம் நல்லது. உயர் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் சென்னையில் 2005 முதல் இயங்குகிறது. லோக் அதாலத்தில் முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசும் வாய்ப்பும் மிஞ்சும்.

கையெழுத்தே போலி, அல்லது அன்று அவருக்கு நினைவே இல்லை என்றால் நீதிமன்றம்தான். உயிலைக் காட்டுபவர்தான் அது முறைப்படி எழுதப்பட்டதை நிரூபிக்க வேண்டும்; மிரட்டி வாங்கினார்கள் என்று சொன்னால் சொல்பவர் நிரூபிக்க வேண்டும். வக்கீலை அமர்த்தும்போது, வாதாடப்போவது அவரா ஜூனியரா, கட்டணம் எந்தெந்தக் கட்டத்தில், நம் தரப்பின் பலவீனம் என்ன என்று கேளுங்கள். "பலவீனமே இல்லை" என்பவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள்.

பணமில்லை என்று உரிமையை விட்டுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

உயில் எழுத உட்காரும்முன் ஒரு தாளில் இருவர் பெயரை எழுதிப் பாருங்கள். நீங்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்திட்டீர்கள் என்று இருபது ஆண்டு கழித்தும் கூண்டில் நின்று சொல்லக்கூடிய இருவர். அந்தப் பெயர்கள் கிடைத்த பிறகு வக்கீலைத் தேடுங்கள்.