காயிலைக் கழற்றும் முன்

கீசரில் வெந்நீர் வரவில்லை என்றதும் பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படுவது, "காயில் போயிடுச்சு." போவதும் உண்டுதான். ஆனால் கழற்றிப் பார்ப்பதற்கு முன், கோளாறு எந்த வகையில் வந்தது என்று கேட்டாக வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம். சூடு மாதக்கணக்கில் மெல்லக் குறைந்ததா? நேற்று கொதிக்கக் கொதிக்க வந்துவிட்டு இன்று அடியோடு நின்றதா? சுவிட்சைப் போட்டதும் வீடே ட்ரிப் ஆகிறதா? மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். மூன்றுக்கும் ஒரே மருந்தாகக் காயிலை மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, 2,000 வாட் காயிலுக்குக் கணக்குப்படி 18 நிமிடம். வெளியே கசியும் சூட்டையும் சேர்த்தால் இருபதைத் தாண்டலாம். மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் ஊரில் அதே காயில் சுமார் 1,225 வாட்தான் தரும். 18 நிமிட வேலை 30 நிமிடம் இழுக்கும். அங்கே கீசரில் பழுதே இல்லை. வோல்டேஜ் சரியாக இருந்து, கீசரின் விளக்கு ஐந்து நிமிடத்திலேயே அணைந்து, தண்ணீரும் வெதுவெதுப்பாகவே வந்தால் சந்தேகம் தெர்மோஸ்டாட் பக்கம் போக வேண்டும். போர் தண்ணீரின் உப்பு காயிலிலும் தெர்மோஸ்டாட் குழாயிலும் சுண்ணாம்புப் பாறைபோலப் படிந்து இரண்டையும் ஒட்டவைத்துவிட்டால், தண்ணீர் சூடாகும் முன்பே தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு எட்டி, மின்சாரம் நின்றுவிடும். மாறாக, விளக்கு அரைமணி நேரம் எரிந்தும் தண்ணீர் சில்லென்றே இருந்தால் காயில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மெயினை அணைத்து, காயிலின் வயர்களை விடுவித்து மல்டிமீட்டரை வைத்தால், நல்ல 2,000 வாட் காயில் 26 ஓம் அளவில் காட்டும். அறுந்தது எதுவும் காட்டாது.

கொதித்துவிட்டு நின்றுபோகும் கீசர்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு, சூடு எல்லை மீறியதால், மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் விழுந்திருக்கும். அதன் பொத்தானை அழுத்தினால் கீசர் மறுபடி ஓடும்; சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் முறை விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றியே ஆக வேண்டும். கட்-அவுட்டை நேரடியாக இணைத்துவிடும் மெக்கானிக்கை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டி, கட்-அவுட்டும் இல்லாமல், சேஃப்டி வால்வும் உப்பால் அடைத்திருந்தால் டேங்க் வெடிக்கலாம். ட்ரிப் ஆவதும் இப்படி ஒரு பாதுகாப்புதான். காயிலின் உறை விரிசல் விட்டு மின்சாரம் தண்ணீரில் கசிவதை 30 மில்லி ஆம்பியரிலேயே ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் பிடித்துவிடுகிறது. அதைத் தொந்தரவு என்று நினைத்து எடுத்துவிட்டுக் குளிக்கப் போவது உயிரைப் பணயம் வைப்பது.

"காயில் விலை குறைவுதானே, மாற்றிப் பார்த்துவிட்டால் என்ன?" என்பார்கள். டேங்கில் படிந்த உப்பை அள்ளாமல் புதுக் காயிலைப் போட்டால், அதன்மேலும் உப்பு ஏறும். சூடு வெளியேற வழியில்லாமல் காயில் தன் சூட்டிலேயே வெந்துபோகும். "இதெல்லாம் மெக்கானிக் பார்க்க வேண்டியது" என்பதில் பாதி நியாயம் இருக்கிறது: மூடியைத் திறப்பதும் மீட்டர் வைப்பதும் அவர் வேலையே. ஆனால் அவர் வரும்போது பார்ப்பது அணைந்து ஆறிய கீசரை. விளக்கு எத்தனை நிமிடம் எரிந்தது, எப்போது ட்ரிப் ஆனது என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் அவரும் தேவையில்லாததைக் கழற்ற மாட்டார்.

கோளாறே அல்லாத ஒன்றும் உண்டு. கீசர் ஓடும்போது சேஃப்டி வால்வில் சொட்டும் தண்ணீர். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 200 மில்லி விரிகிறது. அது போக வழி வேண்டும். சுவிட்சை அணைத்து, டேங்க் முழுதும் ஆறிய பிறகும் ஒழுகினால் வால்வை மாற்றலாம். எந்த நிலையிலும் அதன் வாயைத் துணி கொண்டோ திருகு மூடி கொண்டோ அடைக்காதீர்கள்.