ஏஜென்ட்டுக்கு எந்த டூலைக் கொடுக்கலாம், எதை எடுத்துடலாம்?

தம்பி, ஆபீஸ்ல ஏஐ ஏஜென்ட்டுக்கு எம்சிபி சர்வர் இணைக்கிற வேலை உன் தலையில விழுந்திருக்குன்னு சொன்னே. இணைக்கிறது கொஞ்ச நேர வேலைதான். இணைச்ச பிறகு அந்த சர்வர் எதையெல்லாம் ஏஜென்ட் கண்ணுல காட்டுதுன்னு உட்கார்ந்து பாரு. அதைப் பார்க்காம யாருக்கும் "ரெடி"ன்னு மெசேஜ் போடாதே.

எம்சிபிங்கிறது ஏஐ மாடலை வெளி டூல்களோட இணைக்க 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட முறை. டூல், ரிசோர்ஸ், ப்ராம்ப்ட்னு மூணு வகையை ஒரு சர்வர் கொடுக்கலாம். வம்பு பெரும்பாலும் டூல்லதான் வரும், ஏன்னா வேலையைச் செஞ்சு முடிக்கிறது அதுதான். இணைப்பு கிடைச்சதும் சர்வர் தன்கிட்ட இருக்கிற ஒவ்வொரு டூலோட பேர், விளக்கம், அதுக்கு என்னென்ன தகவல் வேணும்ங்கிறது எல்லாத்தையும் அனுப்பும். பல இடங்கள்ல அது முழுசா மாடலோட கான்டெக்ஸ்ட்ல ஏறிடும். நீ ஒரு கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடியே டோக்கன் கரையும். தேடுறதுக்கே ஆறேழு டூல், எல்லாம் ஒரே மாதிரிப் பேர்ல இருந்தா மாடல் தப்பானதை எடுக்கும். அப்போ எல்லாரும் மாடலைத் திட்டுவாங்க. நீ முதல்ல பட்டியலைக் குறைச்சுப் பாரு.

எப்படிக் குறைக்கிறது? கிட்ஹப்போட எம்சிபி சர்வர்ல டூல்களை டூல்செட்னு குழுவாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ரெப்போவுக்கு ஒண்ணு, இஷ்யூவுக்கு ஒண்ணு, புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணுன்னு போகும். எது வேணுமோ அதை மட்டும் பேர் சொல்லித் திறக்கலாம். கூடவே ரீட்-ஒன்லின்னு ஒரு செட்டிங் இருக்கு. அதைப் போட்டுட்டா, எழுதுற டூலை நீயே பேர் சொல்லிக் கேட்டிருந்தாலும் சர்வர் கொடுக்காது. வாரா வாரம் இஷ்யூக்களைப் படிச்சுச் சுருக்கம் எழுதுற ஏஜென்ட்டா? இஷ்யூ டூல்செட், ரீட்-ஒன்லி, அவ்வளவே போதும். சுபாபேஸ்ங்கிற டேட்டாபேஸ் சேவையோட சர்வர்லயும் இந்த வசதி உண்டு: ஒரே ஒரு ப்ராஜெக்ட்டோட நிறுத்தலாம், படிக்க மட்டும் விடலாம், வேணும்கிற அம்சங்களை மட்டும் திறக்கலாம். ஆனா நிஜ வாடிக்கையாளர் டேட்டா இருக்கிற ப்ராஜெக்ட்டோட அதை இணைக்காதே.

"எதையும் டெலீட் பண்ணாதே"ன்னு ப்ராம்ப்ட்ல எழுதிட்டு நிம்மதியாத் தூங்குறவங்க நிறைய பேர். அந்த வரியை மாடல் பெரும்பாலும் கேட்கும். பெரும்பாலும்ங்கிறதை நம்பி ஒரு டேட்டாபேஸை விட முடியுமா? டெலீட் டூலே அங்க இல்லாதபடி செய். அதுக்கும் கீழே போய், சர்வருக்கு நீ கொடுக்கிற அணுகல் டோக்கனையும் பாரு. கிட்ஹப்னா குறிப்பிட்ட ரெப்போக்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கிற டோக்கன் எடு. போஸ்ட்கிரெஸ்னா வேண்டிய டேபிள்கள்ல செலக்ட் மட்டும் ஓடுற தனி ரோல் ஒண்ணு உருவாக்கு. மேல டூலை மறைச்சுட்டு, கீழே அட்மின் பாஸ்வேர்டையே கொடுத்து வெச்சா ஒரு பிரயோஜனமும் இல்லை.

நீயே சர்வர் எழுதுறதா இருந்தா இதை மறக்கவே கூடாது: பட்டியல்ல இருந்து ஒரு டூலை எடுத்தா மட்டும் அது பூட்டினதா ஆகாது. பேர் தெரிஞ்ச எவரும் நேரா அழைக்கலாம். அழைப்பு வர்ற இடத்துலயும் அனுமதியைச் சரிபார்த்து மறுக்கணும். அப்புறம், எந்த எஸ்கியூஎல்லையும் ஓட்டுற மாதிரி ஒரே டூல் எழுதாதே. ஆர்டர் நம்பர் கொடுத்தா நிலவரம் சொல்ற மாதிரி சின்னச் சின்னதா எழுது. "இது படிக்க மட்டும்", "இது அழிக்கும்"னு டூல்மேல குறிப்பு போடுற வசதி இருக்கு, கண்டிப்பாப் போடு. அடுத்தவங்க சர்வர்ல அந்தக் குறிப்பைப் பார்த்தா நம்பிடாதே. அதை எழுதினது அவங்க, எப்படி வேணும்னாலும் எழுதலாம்.

எனக்கு ரொம்பக் கவலை தர்றது டூல்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்றது. 2025 மே மாசம் இன்வேரியன்ட் லேப்ஸ்ங்கிற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் கிட்ஹப் சர்வரை வெச்சு இதைச் செஞ்சு காட்டினாங்க. பொது ரெப்போ ஒண்ணுல விஷமமான ஒரு இஷ்யூ. அதைப் படிச்ச ஏஜென்ட், அதுல இருந்த கட்டளையை நம்பித் தனியார் ரெப்போவுக்குள்ள போய்த் தகவலை எடுத்து, பொது ரெப்போவுல புல் ரிக்வெஸ்ட்டாப் போட்டுடுச்சு. ஒவ்வொரு டூலும் தனித்தனியாப் பார்த்தா நியாயமானதுதான். அடுத்த மாசமே சைமன் வில்லிசன்கிற டெவலப்பர் இந்த ஆபத்தை மூணா வகுத்து எழுதினார்: ரகசியத் தகவலைப் பார்க்கிற வசதி, வெளியாள் எழுதினதைப் படிக்கிற வசதி, வெளியே அனுப்புற வசதி. மூணும் ஒரே ஏஜென்ட்கிட்ட சேர்ந்தா ஆபத்து. அதனால ஒவ்வொரு சர்வரையும் தனியாப் பார்க்காதே, இணைச்சிருக்கிற எல்லா சர்வர்களோட டூல்களையும் ஒரே தாள்ல எழுதி, எது இந்த மூணுல எதுன்னு குறி போடு. மூணும் வந்துட்டா ஒண்ணைக் கழட்டு. முடியலைன்னா வேலையை ரெண்டு ஏஜென்ட்டாப் பிரி, ஆனா முதல் ஏஜென்ட் எழுதிக் கொடுக்கிறதும் வெளியாள் எழுத்து கலந்ததுதான்னு நினைச்சே ரெண்டாவதைக் கட்டு.

டூலை ஓட்டுறதுக்கு முன்னாடி அனுமதி கேட்கிற பெட்டி வருமே, படிக்கிற டூலுக்கு "எப்பவும் அனுமதி" கொடு. எழுதுறது, அனுப்புறது, அழிக்கிறதுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்கட்டும். எல்லாத்துக்கும் கேட்க விட்டா, நாலாவது பெட்டியில இருந்து படிக்காமலே ஓகே அழுத்துவே.

பட்டியல் நாளைக்கு மாறும், அதுவும் உனக்குச் சொல்லாம. ஓடிட்டு இருக்கும்போதே டூலைச் சேர்க்க, விளக்கத்தை மாத்த சர்வரால முடியும். அதனால வெர்ஷனைக் குறிப்பிட்டு நிறுத்திவை, "லேட்டஸ்ட்"னு விடாதே. டூல் பேரையும் விளக்கத்தையும் ஒரு ஃபைல்ல எடுத்து ரெப்போவுல போட்டு, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பழசோட ஒப்பிட்டுப் பாரு.

இந்த வாரம் அந்த ஃபைலை மட்டும் எடுத்து எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம். அதுல டோக்கன் எதுவும் ஒட்டியிருக்கான்னு பார்த்துட்டு அனுப்பு.