செம்மறிக் கிடாயும் வெப்பமும்: அறுபது நாட் கணக்கு

கந்தப்பளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா ஆகியவற்றைப் பயிரிடும் கமக்காரர் ஆட்டெருவின் அருமையை நன்கறிவர். எருவுக்கும் இறைச்சிக்கும் எனச் சில செம்மறிகளை வளர்ப்போரும் உளர். பெட்டை ஆடுகள் சினைப்படாதபோது அவற்றை மலடு என்று கருதிக் கசாப்புக்கு விற்றுவிடும் வழக்கம் உண்டு. இது பெருநட்டம் தரும் செயலாகும். ஒன்றிரண்டு பெட்டைகள் மாத்திரம் சினைப்படாவிடின் அவற்றை ஐயுறலாம். மந்தையிற் பெரும்பாலானவை சினைப்படாவிடின் முதலில் ஐயுறவேண்டியது கிடாயையே.

விதைப்பை வெளியே தொங்குவது ஏன்?

செம்மறியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியசு ஆகும். இவ்வெப்பத்தில் விந்தணுக்கள் செவ்வனே உருவாகமாட்டா. விதைகள் உடலைவிட 4 முதல் 6 பாகை வரை குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். ஆகவேதான் இயற்கை அவற்றை உடலுக்கு வெளியே ஒரு பையில் வைத்திருக்கிறது. வெயில் வேளையில் இப்பை தளர்ந்து கீழே இறங்கும். குளிரிற் சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும். பையின் தோல் வியர்ப்பதனாலும் வெப்பம் தணிகிறது. மேலும், விதைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாயைச் சுற்றி, விதையிலிருந்து திரும்பும் நாளங்கள் கொடிபோற் பின்னிக் கிடக்கின்றன. திரும்பிவரும் குளிர்ந்த குருதி, உள்ளே செல்லும் குருதியின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது.

இவ்வேற்பாடு தாங்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை மீறினால் விந்தணுக்களின் தொகை குறையும்; உருவம் பழுதுபடும்; நீந்தும் வலுவும் கெடும். நெற்பயிர் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராவதை இதற்கு ஒப்பிடலாம்.

அறுபது நாட் கணக்கு

ஒரு விந்தணு விதையில் உருவாக ஏறத்தாழ 7 வாரங்கள் செல்லும். பின்னர் விதையை ஒட்டியுள்ள சுருட்குழாயில் அது முதிர்வதற்கு 10 முதல் 14 நாட்கள் வேண்டும். ஆகவே இன்று கிடாய் தரும் விந்து இரண்டு மாதங்களுக்கு முன்னர் உருவாகத் தொடங்கியதாகும்.

வெப்பத்தாற் பாதிக்கப்பட்ட கிடாய் அன்றே மலடாவதில்லை. முன்னரே முதிர்ந்த விந்தணுக்கள் சில நாட்களுக்கு இருப்பில் உண்டு. இரண்டு மூன்று வாரங்களின் பின்னரே குறை பெரிதும் வெளிப்படும். வெப்பம் நீங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சென்றபின்னரே நல்ல விந்து மீண்டும் கிடைக்கும். இவ்விடைக்காலத்திலும் கிடாய் நன்றாக மேயும். பெட்டையைத் தேடி ஏறவும் செய்யும். தோற்றத்தை மாத்திரம் பார்த்து ஏமாறலாகாது.

குளிர்ந்த மலையில் வெப்பம் எங்கிருந்து வரும்?

கந்தப்பளை கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. குளிர்ந்த மலைகள் செம்மறிக்கு ஏற்றவை என்பதிற் புதுமையில்லை. 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிற் குடியேறியபோது இங்கிலாந்திலிருந்து செம்மறிக் கிடாய்களையும் கொண்டுவந்தார். இன்று தமிழ்நாட்டிற் கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் கிளை மென்கம்பளி ஆடுகளை வளர்த்துவருகிறது. அதே நாட்டின் வெப்பமான சமவெளியில் கம்பளியற்ற மேச்சேரி ஆடுகளே செழிக்கின்றன.

எனினும், மலைநாட்டுக் கிடாய்க்கும் மூன்று வழிகளில் வெப்பம் நேரிடுகிறது.

முதலாவது, காய்ச்சல். மழையில் நனைந்து நுரையீரல் அழற்சி கண்ட கிடாயும், சேற்றில் நின்று குளம்பழுகல் முற்றிய கிடாயும் காய்ச்சலுறும். அப்பொழுது விதைகளும் உள்ளிருந்தே வெப்பமடையும். புறத்தே கடுங்குளிராயினும் இதனைத் தடுக்காது.

இரண்டாவது, பிரயாணம். உலர்வலயத்திலிருந்து மூடிய லொறியில் நெருக்கி ஏற்றிவரும் கிடாய், வந்து சேருமுன்னரே கடும் வெப்பத்திற்கு ஆளாகலாம்.

மூன்றாவது, கொட்டில். பெப்புருவரி முதல் ஏப்பிரில் வரையுள்ள வெயில் நாட்களில், தாழ்ந்த தகரக் கூரையின் கீழ் நண்பகலிற் காற்றோட்டமின்றி வெப்பம் தேங்கும்.

கிடாயை ஆயத்தம் செய்யும் முறை

இங்கிலாந்து போன்ற நாடுகளிற் பகற்பொழுது குறுகும் காலத்திலேயே செம்மறிகள் இணைசேரும். நமது மலைநாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குங் குறைவு. ஆகவே இங்கு இணைசேர்க்கும் மாதத்தைக் கமக்காரரே தெரிவுசெய்யலாம். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஒக்டோபரில் இணைசேர்த்தால், உறைபனி நாட்கள் கழிந்து மார்ச்சு மாதத்திற் குட்டிகள் பிறக்கும்.

ஒக்டோபருக்கு அறுபது நாட்களுக்கு முன் என்பது ஓகத்து மாதமாகும். அது தென்மேற்குப் பருவமழையின் காலம். கிடாய்க்குச் சளியும் காய்ச்சலும் எளிதிற் பற்றும் காலம். ஆகவே கிடாயின் பராமரிப்பை ஓகத்து முதலாந் தேதியிலேயே தொடங்குக.

1. கொட்டிலின் தரையை நிலத்திலிருந்து உயர்த்திப் பலகைச் சட்டங்களால் அமைக்க. சாரல் அடிக்கும் பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்தின் மேற்பகுதியைக் காற்றுக்குத் திறந்துவிடுக. தகரக் கூரையின்மீது மானாப்புல்லைப் பரப்பினால் வெப்பம் தணியும்.

2. கிடாய் உண்ணாது சோர்ந்திருந்தால் மலவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க. 40 பாகைக்கு மேற்படின் தாமதியாது மிருக வைத்திய அதிகாரியை நாடுக. காய்ச்சல் தணிந்த தேதியைச் சுவரிற் குறித்து வைக்க. அத்தேதியிலிருந்து அறுபது நாட்கள் செல்லும்வரை அக்கிடாயை மாத்திரம் நம்பியிராது, அயலாரின் நல்ல கிடாயைப் பயன்படுத்துக.

3. கிடாயை வாங்குமுன் இரு விதைகளையும் தொட்டுப் பார்க்க. அவை ஒத்த அளவினவாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். பையிற் புண்ணோ சொறியோ இருத்தலாகாது.

4. கிடாயை இரவிலோ அதிகாலையிலோ, திறந்த லொறியில் ஏற்றிவருக. இணைசேர்க்கும் காலத்திற்கு இரண்டு மாதம் முன்னதாகவே அதனை வாங்குக.

5. இணைசேர்க்கும் காலத்திற் காவிமண்ணை எண்ணெயிற் குழைத்துக் கிடாயின் நெஞ்சிற் பூசுக. அது ஏறிய பெட்டையின் முதுகில் நிறம் பதியும். 17 நாட்களின் பின் வேறு நிறம் பூசுக. பெட்டைகள் பலவற்றில் இரண்டாம் நிறமும் பதிந்தால், அவை சினைப்படவில்லை என்பதும் குறை கிடாயிடம் உண்டு என்பதும் புலனாகும்.

இவ்வாறு 17 நாட்களில் அறியத்தக்க குறையை, குட்டிகளை எதிர்பார்த்து ஐந்து மாதங்கள் காத்திருந்து அறிய வேண்டியதில்லை. கமக்காரர்களே, அடுத்த முறை பெட்டைகள் வெறுமையாக நின்றால் அவற்றை விற்குமுன், இரண்டு மாதங்களுக்கு முன்னர் உங்கள் கிடாய்க்கு என்ன நேர்ந்தது என்பதை நினைவுகூர்க.