மருந்து இலவசம், வருவதற்கு ஏன் தாமதம்?



தொழுநோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையை, நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ எடுத்தால் குணம் உண்டு. 1995 முதல் அது இலவசம். அப்படியிருக்க, விரல் மடங்கி, பாதத்தில் புண்ணோடு வருகிறவர்களை நாங்கள் இன்னும் பார்க்கிறோமே, ஏன்? இந்த மாதப் பாடத்தில் அதைச் சிந்திப்போம்.

தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது. வலியில்லாத ஒரு தேமலுக்காக யார் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு வருவார்? பாதத்தில் புண் வந்தபின், "ஆறு வாரம் காலை ஊன்றாதீர்கள் அம்மா" என்கிறோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அந்தத் தாய் தலையாட்டுவார். மறுநாள் வயலில் நிற்பார். 'சொல் கேளாத நோயாளி' என்று சீட்டில் எழுதுவது சுலபம். நாங்களும் எழுதியிருக்கிறோம். வீட்டில் அடுப்பெரிய அந்தக் கூலிதான் உண்டு என்று விசாரித்தது பிற்பாடுதான்.

சட்டமும் ஏழையைத்தான் பிடித்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டப்படி, பிச்சையெடுக்கிற அல்லது பிழைக்க வழியில்லாத நோயாளியை மாஜிஸ்திரேட் உத்தரவால் காப்பகத்தில் அடைக்கலாம். வசதியுள்ளவர் வீட்டிலேயே இருந்துகொள்வார். நோய் ஒன்றே! நாடாளுமன்றம் இச்சட்டத்தை நீக்கியது 2016இல்தான். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் பிரிவை ஐந்து சட்டங்களிலிருந்து எடுத்தது 2019இல். அந்த ஐந்தில் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டமும் ஒன்று என்பதைச் சபைக் குழுக்களில் இதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, தேமலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்ட பெண்ணை நாம் எப்படிக் குறை சொல்வது?

அரசாங்கக் கணக்கும் ஒரு காரணம். 2005 டிசம்பரில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளிகள் என்ற நிலையை நம் தேசம் எட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் அதை 'ஒழிந்துவிட்டது' என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். தனித் திட்டமாக இருந்தது பொது சுகாதாரப் பணியோடு சேர்ந்தது. வீடுவீடாகத் தேடுவது குறைந்தது. தேடாவிட்டால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? 2016இல் மறுபடியும் வீடுவீடாகத் தேட வேண்டியதாயிற்று. இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்குமேல் இந்தியாவில்தான். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

நார்வேயில் 1873இல் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். சரியான மருந்து வந்ததோ 1940களில். அதற்கு வெகு முன்பே அங்கே நோய் தணிந்துவிட்டது. நோயாளிகளைப் பிரித்துவைத்ததும் ஒரு காரணம் என்பார்கள். ஆகாரமும் குடியிருப்பும் சீரானதைப் பலர் முக்கியமாகச் சொல்கிறார்கள்.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் மடங்கிய விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை நேரானதும் பிச்சை குறைந்துபோயிற்று என்று சிலர் அவரிடமே முறையிட்டார்களாம். வேலை கொடுப்பாரில்லை. ஆகவே அவர்களுக்குத் தச்சு வேலை முதலான கைத்தொழில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு இது செருப்பில் தெரிந்தது. மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு பாதத்தைக் காக்கும். ஆனால் அதன் உருவத்தைக் கண்டாலே ஊரார் நோயைத் தெரிந்துகொள்வார்கள். எனவே பலர் அதைப் பையில் கொண்டுவந்து, ஆஸ்பத்திரி வாசலில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நீங்கள் அனுப்பிய காணிக்கையில் ஒரு பங்கைக்கொண்டு, இப்போது அதே ரப்பரை உள்ளே வைத்து, மேலே கடைச் செருப்பின் வார் தைத்துக் கொடுக்கிறோம். பெண்களுக்குப் பூ வைத்த வாரும் உண்டு. அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.